அடுத்தவர் புடவைக்கும் சேர்த்து ஒரு பாலிசி

அந்த ஏஜென்ட் அம்மாவை நான் முதன்முதலில் போனில் கூப்பிட்டது, பாலிசிகளை நிறுத்திவிடுங்கள் என்று சொல்வதற்காகத்தான். அதை இப்போது நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரிகிற ஒரு சின்னத் தெருவில் எனக்குத் தையல் கடை இருக்கிறது. தரைத்தளத்தில் இரண்டு அறைகள். முன்னறையில் அளவெடுப்பேன், துணிகளை வாங்கி அடுக்கி வைப்பேன். பின்னறையில் மூன்று தையல் மெஷின்கள், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் ஒன்று, அப்புறம் ஒரு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின். என் கணவர் மஸ்கட்டில் ஒன்பது வருஷம் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வந்தவர். அவர் கொண்டுவந்த சேமிப்பில் பாதியும் ஒரு வங்கிக் கடனும் சேர்ந்துதான் அந்த மெஷினாக வந்து உட்கார்ந்தது. அது வந்த நாளில் இருவரும் அதன் முன்னால் நின்று, தொடுவதற்கே பயந்துகொண்டு, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் கடை வாடகை கூடியது. மகள் கல்லூரியில் சேர்ந்தாள். எதைக் குறைக்கலாம் என்று இருவரும் உட்கார்ந்து பேசினால், பாலைக் குறைக்க முடியவில்லை, கரண்டைக் குறைக்க முடியவில்லை. கடைசியில் கண்ணில் பட்டது இன்சூரன்ஸ்தான். வருஷா வருஷம் கட்டுகிறோம், இதுவரை ஒரு ரூபாய் திரும்பி வந்ததில்லை. ஒன்றும் நடக்காமல் இருப்பதற்கு எதற்குப் பணம் என்று நான்தான் கேட்டேன். கணவர் மறுத்துப் பேசவில்லை. கடைக்கு, மெஷினுக்கு, வீட்டில் மூன்று பேருடைய மருத்துவச் செலவுக்கு, ஸ்கூட்டருக்கு என்று ஒரு பிளாஸ்டிக் கவர் நிறைய பாலிசிகள் இருந்தன. ஸ்கூட்டருக்கானது சட்டப்படி வேண்டும். மற்றதை எல்லாம் நிறுத்திவிடுவது என்று முடிவானது.

பாலிசி போட்டுக் கொடுத்த உறவுக்காரர் அந்தத் தொழிலையே விட்டிருந்தார். அவருடைய வாடிக்கைகளைத் திருவெறும்பூரில் இருக்கும் ஒரு அம்மா பார்த்துக்கொள்கிறார் என்று நம்பர் கொடுத்தார். போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா, ஏன் என்று கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நிறுத்துவது உங்கள் இஷ்டம், ஆனால் எல்லாக் காகிதத்தையும் ஒரு தடவை எனக்குக் காட்டிவிட்டு நிறுத்துங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். தன் கணவர் திருவெறும்பூரில் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர் என்றும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு பொழுதுபோக்காக ஆரம்பித்த வேலை இது என்றும் சொன்னார். நான் கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். அந்தக் காகிதங்களை யாராவது முழுசாகப் படிப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. நான் அதைப் பிரித்துப் பார்த்ததேயில்லை.

நடுவில் நிமிர்ந்து கேட்டார். "இந்தக் கட்டடம் உங்களுதாம்மா?"

"இல்லைங்க. வாடகைதான்."

"அப்ப இன்னொருத்தர் கட்டடத்துக்கு நீங்க எதுக்கு நாலு வருஷமா பணம் கட்டிட்டிருக்கீங்க?"

நானும் கணவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். கடைப் பாலிசியில் கட்டடத்துக்கு என்று ஒரு பெரிய தொகை போட்டிருந்தது. சுவர் இடிந்து விழுந்தால் வீட்டுக்காரருக்குத்தான் நஷ்டம், அதற்கான பிரீமியத்தை நாங்கள் கட்டிக்கொண்டிருந்தோம்.

அதோடு முடியவில்லை. எம்பிராய்டரி மெஷினுக்கு வங்கியே கடனோடு சேர்த்து ஒரு பாலிசி போட்டிருந்தது. அது தெரியாமல் உறவுக்காரர் இன்னொன்று போட்டிருந்தார். இரண்டு இருந்தால் இரண்டு பங்கு கிடைக்குமே என்று என் கணவர் கேட்டார். கிடைக்காது, ஒரே நஷ்டத்தை இரண்டு பேரும் பங்கு போட்டுக்கொண்டு கொடுப்பார்கள், உங்கள் கைக்கு வருவது ஒன்றுதான் என்றார் அந்த அம்மா. மருத்துவத்துக்கு மூன்று பேருக்கும் தனித்தனியாக இருந்தது. அதைக் குடும்பத்துக்கு ஒன்றாக மாற்றலாம், இத்தனை வருஷம் கட்டியது வீணாகாமல் மாற்றலாம், அடுத்த முறை புதுப்பிக்கும்போது கேட்டுச் செய்துகொள்ளலாம் என்றார். ஒவ்வொன்றையும் பென்சிலால் சுழித்துக்கொண்டே போனார். அவருக்குக் கிடைக்கிற கமிஷனை அவரே வெட்டிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

இவ்வளவு குறைகிறதே என்ற உற்சாகத்தில் என் கணவர், மெஷினின் மதிப்பையும் பாதியாகப் போட்டுவிடலாமா, இன்னும் குறையுமே என்றார். அதற்கு மட்டும் அந்த அம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"அதுல கை வைக்காதீங்க. பாதி மதிப்புக்குப் போட்டா, பத்தாயிரத்துக்குச் சேதம் வந்தாலும் அஞ்சாயிரம்தான் குடுப்பாங்க. வேண்டாததை எவ்வளவு வேணா வெட்டலாம். வேணுங்கறதைக் குறைச்சுப் போட்டா அன்னிக்கு அழுவீங்க."

பிறகு எழுந்து கடையைச் சுற்றிப் பார்த்தார். முன்னறையில் சுவர் முழுக்கப் புடவைகளும் ரவிக்கைத் துணிகளும் பெயர்ச் சீட்டோடு அடுக்கியிருந்தன. இதெல்லாம் யாருடையது என்று கேட்டார். தைக்கக் கொடுத்தவர்களுடையது என்றேன். பாலிசியை இன்னொரு முறை புரட்டினார். இதற்கு எதுவுமே இல்லையே என்றார். உங்கள் மெஷின், உங்கள் மேஜை, உங்கள் நூல்கண்டு வரைக்கும் இருக்கிறது, அடுத்தவர் நம்பிக் கொடுத்துவிட்டுப் போன பட்டுக்கு ஒன்றுமில்லை. அதற்கென்று தனியாகச் சொல்லிச் சேர்த்தால்தான் உண்டு.

உண்மையைச் சொல்வதென்றால் எனக்கு அப்போது எரிச்சல்தான் வந்தது. எல்லாவற்றையும் குறைத்துக்கொண்டே வந்து கடைசியில் புதிதாக ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறாரே என்று நினைத்தேன். அவர் போன பிறகு கணவரிடம் அதைச் சொல்லவும் செய்தேன். அவர் ஒரு காகிதத்தில் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு, அந்தப் புதியதையும் சேர்த்தாலும் போன வருஷத்தைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாகத்தான் வருகிறது, கட்டிவிட்டுப் போவோம் என்றார். அப்படித்தான் அது நடந்தது. பெரிய முன்யோசனை எதுவும் எங்களிடம் இருக்கவில்லை.

இன்னும் சில காரியங்களை அந்த அம்மா செய்யச் சொன்னார். அதற்கெல்லாம் காசு கிடையாது. துணி வாங்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். ரசீதில் வெறுமனே "புடவை ஒன்று" என்று எழுதாமல், என்ன புடவை, என்ன நிறம், ஏறக்குறைய என்ன விலை என்று கொடுப்பவரிடமே கேட்டு எழுத வேண்டும். எம்பிராய்டரி மெஷினைத் தரையிலிருந்து தூக்கி வைக்க வேண்டும். கடைசி வேலையைக் கணவர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடித்தார். இரும்பில் ஸ்டாண்ட் அடித்து, தெரு ஆட்கள் நாலு பேரைக் கூப்பிட்டு, ஒன்றரை அடி உயரத்துக்கு ஏற்றிவிட்டார். படம் எடுப்பதற்குத்தான் எனக்குக் கூச்சமாக இருந்தது. புடவைக்கு போட்டோ எடுக்கும் கடை என்று சில பேர் சிரித்தார்கள். சிரித்தாலும் விலையைச் சொன்னார்கள்.

மறு வருஷம் தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது. கடையில் நிற்க இடமில்லாமல் துணி. அன்று ஞாயிறு, சமயபுரத்தில் கணவரின் அக்கா வீட்டுப் பேரனுக்குக் காது குத்து. கடையில் தைக்கிற பெண்களுக்கு விடுமுறை சொல்லிவிட்டு நாங்கள் இருவரும் போனோம். மொட்டையடித்து, காது குத்தி, சாப்பாட்டுப் பந்தியில் உட்காரும்போது மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையாக இல்லை. மண்டபத்துத் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்து இலைக்காரர் பேசுவது கேட்கவில்லை. மூன்று மணி நேரம் விடவேயில்லை.

மூன்றரை மணிக்குப் பஸ் ஏறினோம். கொள்ளிடம் பாலத்தில் வரும்போது எட்டிப் பார்த்தேன். ஆற்றில் மணல்தான் அதிகம் தெரிந்தது. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். ஆனால் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வந்தது ஆற்றிலிருந்து இல்லை. வடிகால் அடைத்துக்கொண்டு, சுற்றியுள்ள தெருக்களின் மழைத் தண்ணீர் எல்லாம் பள்ளமான எங்கள் தெருவில் வந்து நின்றுவிட்டது. முனையில் இறங்கியபோதே முழங்கால் வரை தண்ணீர். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். கணவர் எனக்கு முன்னால் ஓடினார். தண்ணீரில் ஓட முடியாது, ஆனாலும் அவர் ஓடினார்.

ஷட்டரைத் தூக்கியதும் முதலில் மிதந்து வந்தது என் அளவு நோட்டு. உள்ளே சாக்கடை நாற்றம். முன்னறையில் கீழ் இரண்டு தட்டுகளும் தண்ணீருக்குள் இருந்தன. தையல் மெஷின்களின் மோட்டார்கள் முழுகியிருந்தன. ஓவர்லாக் பாதி முழுகியிருந்தது. எம்பிராய்டரி மெஷின் மட்டும் ஸ்டாண்டின் மேல் நின்றுகொண்டிருந்தது. தண்ணீர் அதன் அடித்தகட்டைத் தொட்டு, கீழே தொங்கிய கன்ட்ரோல் பெட்டிக்குள் போயிருந்தது. ஊசிகள் எல்லாம் உலர்ந்திருந்தன.

நான் அழவில்லை. கீழ்த்தட்டில் கையை விட்டு ஒரு துணியை வெளியே எடுத்தேன். அரக்குப் பட்டின் சாயம் பக்கத்தில் இருந்த மஞ்சளில் இறங்கி, இரண்டும் ஒரு நிறமாகியிருந்தன. அடுத்ததை எடுக்கவில்லை.

திருவெறும்பூர் அம்மாவைக் கூப்பிட்டேன். பண்டிகை நேரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எடுப்பாரோ என்று நினைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். அவர் முதலில் கேட்டது மெயின் சுவிட்சை அணைத்தாயிற்றா என்பது. அப்புறம் நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த மெஷினையும் போட்டுப் பார்க்காதீர்கள். தண்ணீர் இருக்கிற நிலையிலேயே எல்லா மூலையையும் படம் எடுங்கள். எடுத்த பிறகு நனைந்ததைத் தனியாக, நனையாததைத் தனியாக மேலே ஏற்றுங்கள். கெட்டுப்போனது என்று எதையும் தூக்கி எறியாதீர்கள். கம்பெனிக்கு நான் இப்போதே தகவல் கொடுத்துவிடுகிறேன்.

"பயப்படாதீங்கம்மா. ரசீது புக் எங்க இருக்கு?"

அது மேல்தட்டில், உலர்ந்து இருந்தது. அதைச் சொன்னபோதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் நான் அழுது முடிக்கிற வரைக்கும் போனை வைக்காமல் இருந்தார்.

மறுநாள் அவரே வந்தார். தெருவில் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர் இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, எங்களோடு சேர்ந்து துணிகளை ரசீது எண்ணோடு சரி பார்த்தார். பதினேழு பேருடைய துணிகள் நனைந்திருந்தன. அன்று சாயங்காலம் அந்தப் பதினேழு பேரையும் நான் கூப்பிட்டேன். அந்த வேலையை வேறு யாரிடமும் கொடுக்க முடியாது.

ஒருவர் திட்டினார். தீபாவளிக்குள் தருகிறேன் என்று வாங்கி வைத்தாயே, உனக்கு வெட்கமாக இல்லையா என்றார். அவர் கோபத்தில் தப்பில்லை. ஐந்தாறு பேர் ரசீதில் எழுதியிருந்த விலையைக் கேட்டுக்கொண்டு சரி என்றார்கள். பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு அம்மா, மகளின் நிக்காஹ்வுக்குத் தைக்கக் கொடுத்திருந்தார். நிக்காஹ்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அவரைக் கூப்பிட எனக்குத் துணிச்சல் வரவில்லை, கடைசியாக வைத்துக்கொண்டேன். ஒரு வழியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணி வரும்போது நீங்க யாரும் உள்ள இல்லையேம்மா? அல்ஹம்துலில்லாஹ்," என்றார். "நாளைக்கு வேற துணி எடுத்துட்டு வரேன். உங்களால தச்சுத் தர முடியுமா, அதை மட்டும் சொல்லுங்க."

முடியும் என்றேன். எப்படி என்று தெரியாமலே சொன்னேன். அவர் மறுநாள் புதுத் துணியோடு வந்தார். தில்லைநகரில் என்னோடு தொழில் கற்ற தோழி ஒருத்திக்குக் கடை இருக்கிறது. அவளுடைய மெஷினில் அவளுக்கு வேலை இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எம்பிராய்டரி போட்டேன். அவள் கரண்டுக்குக்கூட என்னிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள் சர்வேயர் வந்தார். நஷ்டத்தைப் பார்த்து மதிப்பிட்டு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பவர். அறுபதைத் தாண்டிய மனிதர், பேன்ட்டைக் கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்டு, சின்ன டார்ச் ஒன்றோடு வந்தார். அதிகம் பேசவில்லை. சுவரில் தண்ணீர் நின்ற கோட்டைத் தேடி, டேப்பை வைத்து அளந்தார். ரசீதுகளையும் போனில் இருந்த படங்களையும் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்.

பின்னறையில் அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நான் அதைக் கவனித்தேன். மூன்று தையல் மெஷின்களுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்பே மோட்டார் எரிந்துபோய் பரணில் போட்டிருந்த பழைய மெஷின். அதை என் கணவர் அன்று காலையில் இறக்கி வைத்திருக்கிறார். இதையும் நஷ்டக் கணக்கில் சேர்க்கலாம் என்று பக்கத்துக் கடைக்காரர் யாரோ சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். என் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை. ஒன்பது வருஷம் வெயிலில் கூரை மேல் நின்று சம்பாதித்ததை ஒரே மத்தியானத்தில் தண்ணீர் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்த மனிதர். அவர் கதவருகே நின்றுகொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்வேயர் நாலாவது மெஷினைக் காட்டி, இதுவும் தண்ணீரில் போனதா என்று கேட்டார்.

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. கணவரை அவமானப்படுத்தாமல் எப்படிச் சொல்வது என்றுதான் யோசித்தேன், சொல்லலாமா வேண்டாமா என்று இல்லை.

"அது ஏற்கெனவே ரிப்பேர் சார். பரண்ல கிடந்தது. இடம் மாத்தும்போது எடுத்து வெச்சிட்டோம்."

அவர் காகிதத்தில் எதையோ குறித்துக்கொண்டார். கிளம்பும்போது வாசலில் நின்று பேன்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டே சொன்னார்.

"அந்த மெஷின் மேல தூசி அப்படியே காஞ்சு இருந்துச்சும்மா. நீங்க என்ன சொல்றீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன். இனிமே மத்த ஒவ்வொண்ணையும் நான் சந்தேகப்பட்டுப் பாக்க வேண்டியதில்லை."

என் கணவர் அன்று சாயங்காலம் வரை வேலையிலேயே இருந்தார். கடையைக் கழுவி, பினாயில் ஊற்றி, மறுபடி கழுவினார். விளக்கு வைக்கிற நேரத்துக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நல்லவேளை நீ சொன்ன," என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை. நான் அவரைக் காப்பாற்றியதாக அவர் நினைத்திருக்கலாம். எனக்கென்னவோ, அவர் அதை ஒப்புக்கொண்ட விதத்துக்கு நான்தான் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறேன் என்று படும். பல வீடுகளில் அது ஒரு வார்த்தைச் சண்டையாகி வருஷக்கணக்கில் நின்றிருக்கும்.

பணம் வர இரண்டரை மாதம் ஆனது. இடையில் இரண்டு முறை காகிதம் கேட்டார்கள், ஒரு முறை கொடுத்ததையே திரும்பக் கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் திருவெறும்பூர் அம்மாதான் நகலெடுத்து, கன்டோன்மென்ட்டில் இருக்கும் அலுவலகத்துக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, கையெழுத்து வாங்கி வந்தார். வந்த தொகை நஷ்டம் முழுசையும் அடைக்கவில்லை. தையல் மெஷின்களுக்குத் தேய்மானம் என்று கழித்திருந்தார்கள். நஷ்டத்தில் முதல் கொஞ்சத் தொகையை நாங்களே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஆனால் எம்பிராய்டரி மெஷினின் கன்ட்ரோல் பெட்டியை மாற்ற முடிந்தது. மெஷின் தரையில் இருந்திருந்தால் அதை எடைக்குத்தான் போட்டிருக்க வேண்டும். வாடிக்கையாளர் துணிகளுக்கு, ரசீதில் எழுதியிருந்த விலைக்கு ஏறக்குறைய முழுசாகவே கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாக நானே போனேன். போனில் திட்டிய அம்மா கதவைத் திறந்து, பண உறையைப் பார்த்துவிட்டு, உள்ளே வரச் சொல்லி மோர் கொடுத்தார். வருவேன் என்று அவர் நினைக்கவில்லையாம்.

ஒரே ஒரு வீட்டுக்குப் போகத்தான் எனக்குக் கால் வரவில்லை. உத்தர வீதியில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர். தன் அம்மா கட்டிக்கொண்ட கூறைப்புடவையைக் கொடுத்து, கிழிந்த ஓரத்தை மட்டும் மடித்துத் தைத்துத் தரச் சொல்லியிருந்தார். அதற்கு என்ன விலை போடுவது என்று நான் கேட்டபோது, அவர் சிரித்துக்கொண்டே, ஏதாவது போட்டுக்கோ என்று சொல்லியிருந்தார். நானாகத்தான் ஒரு தொகை எழுதினேன். அந்தப் புடவையில் பாதிக்கு மேல் சாக்கடைக் கறை ஏறி, ஜரிகை கறுத்துவிட்டது. போனில் சொன்னபோது, நீங்களெல்லாம் நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பணம் கொடுத்த பிறகு கெட்டுப்போன துணி கம்பெனிக்குச் சேர வேண்டியது; அந்தப் புடவையை அவரிடமே திருப்பிக் கொடுக்கக் கம்பெனியிடம் திருவெறும்பூர் அம்மா கேட்டு வாங்கித் தந்திருந்தார். கழுவி, உலர்த்தி, மடித்து அதையும் எடுத்துப் போயிருந்தேன்.

அவர் புடவையை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் உறையைக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இதை வேண்டாம்னு சொல்லத்தான் நினைச்சேன். ஆனா நான் வாங்கிக்கலைன்னா நீ ஆயுசுக்கும் மனசுல சுமந்துண்டிருப்பே. அதனால வாங்கிக்கறேன். இனிமே இதைப் பத்தி நினைக்கப்படாது. சரியா?"

நான் தலையாட்டினேன். கறை படாத முந்தானைப் பக்கத்தை வெட்டி, அவர் பூஜையறைப் படங்களுக்கு விரிப்பாகத் தைத்துக் கொடுக்கச் சொன்னார். அன்றே வீட்டுக்கு எடுத்துப்போய்க் கையாலேயே தைத்தேன். அதற்குக் கூலி கொடுக்க வந்தார். இந்த ஒன்றை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றேன். வற்புறுத்தவில்லை.

திருவெறும்பூர் அம்மாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு பட்டு ரவிக்கை தைத்து எடுத்துப்போனேன். தைத்ததற்குப் பணம் வாங்கிக்கொண்டால்தான் போட்டுக்கொள்வேன் என்று பிடிவாதமாகக் கொடுத்துவிட்டார். அப்புறம், நீங்கள் எனக்கு ஒன்று செய்ய வேண்டும் என்றால் ஒரு நாள் என்னோடு மணப்பாறைக்கு வாருங்கள் என்றார்.

அங்கே அவருடைய வாடிக்கையாளர் ஒரு பெண், நாலு அடுப்பு வைத்து முறுக்குச் சுட்டு ஊர் ஊராக அனுப்புகிறவர். கணவர் இல்லை. கட்டுப்படியாகவில்லை, பாலிசியை நிறுத்திவிடுங்கள் என்று போன் செய்திருந்தாராம். ஒரு சனிக்கிழமை பஸ்ஸில் போனோம். அடுப்புச் சூட்டில் உட்கார வைத்து, சுட்ட கையோடு இரண்டு முறுக்கு ஒரு தட்டில் கொடுத்தார் அந்தப் பெண். ஏஜென்ட் அம்மா பேசவேயில்லை. என்னைத்தான் பேசவிட்டார்.

நடந்ததைச் சொன்னேன். கழித்ததையும், காகிதம் திரும்பத் திரும்பக் கேட்டதையும், இரண்டரை மாதம் ஆனதையும் விடாமல் சொன்னேன். அந்தப் பெண் கரண்டியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நிஜமாவே குடுக்கறாங்களாக்கா?" என்றார்.

"குடுத்தாங்க. எல்லாம் வரலை. ஆனா கடையை மூடாம இருக்க அது போதுமா இருந்துச்சு. நிறுத்தறதுக்கு முன்னாடி உங்க காகிதத்தை எடுத்துட்டு வாங்க, சேர்ந்து படிப்போம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பீரோவைத் திறக்கிற சத்தம் கேட்டது. திருவெறும்பூர் அம்மா கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பென்சிலை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.